முதியோர் இல்லங்களில் பராமரிப்புத் திட்டம்: உடல்நிலை மாறும்போது கோப்பில் மாற வேண்டியவை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டொங்காட் பகுதிகளில் பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கும் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகளும், அந்த இல்லங்களில் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் கேட்கும் கேள்விகளும் இங்கே ஒன்றாகத் தரப்பட்டுள்ளன. சட்டம் பற்றிய செய்திகள் தென்னாப்பிரிக்காவுக்கு உரியவை. மருந்தைப் பற்றி இங்கே சொல்லப்படுவது எதுவும் மருத்துவரைக் கேட்காமல் அளவை மாற்றிக்கொள்வதற்காக அன்று.

பராமரிப்புத் திட்டம் என்பது என்ன? மருத்துவக் கோப்பும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. மருத்துவக் கோப்பு நோயைப் பற்றிப் பேசுகிறது. பராமரிப்புத் திட்டமோ அந்த நோயோடு ஒருவர் காலை எழுவதிலிருந்து இரவு உறங்குவது வரை எப்படிக் கவனிக்கப்பட வேண்டும் என்பதைச் சொல்கிறது. பக்கவாதம் வந்தவர் என்பது கோப்பில் இருக்கும். அவருக்குச் சட்டை போடும்போது பலமிழந்த இடக்கையை முதலில் நுழைக்க வேண்டும், தண்ணீரை வலக்கைப் பக்கம் வைக்க வேண்டும், குளியலறைக்கு ஒருவர் துணை போதாது, இருவர் வேண்டும் என்பவையெல்லாம் திட்டத்தில் இருக்க வேண்டும். அவரை முன்பின் அறியாத ஒரு பணியாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அந்தத் தாளை மட்டும் படித்துவிட்டு அவரைப் பிழையின்றிக் கவனிக்க முடிகிறது என்றால் அது நல்ல திட்டம். "உடல் நலம் பேணப்படும்", "தேவையான உதவி அளிக்கப்படும்" என்ற வாசகங்கள் நிறைந்த தாள், எவ்வளவு அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தாலும், எவருக்கும் பயன்படாது.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருத்த வேண்டும்?

அமெரிக்காவில் மத்திய அரசின் திட்டங்களில் சேர்ந்துள்ள இல்லங்களுக்கு இது காலக்கெடுவோடு விதிக்கப்பட்டிருக்கிறது. சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் தொடக்கத் திட்டம், 14 நாட்களுக்குள் முழு மதிப்பீடு, அது முடிந்த 7 நாட்களுக்குள் முழுத் திட்டம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் மறு ஆய்வு. இடையே உடல்நிலையில் பெரிய மாற்றம் தெரிந்தால் அது தெரிந்த 14 நாட்களுக்குள் புதிதாக முழு மதிப்பீடு. தென்னாப்பிரிக்காவில் முதியோர் இல்லங்கள் 2006-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் முதியோர் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்படுகின்றன. அந்தச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது இங்கும் பின்பற்றத்தக்க நல்ல வழக்கமே.

ஆயினும் தேதியை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. மார்ச் மாதம் ஆய்வு முடிந்து, ஏப்ரலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒருவரின் திட்டத்தில் ஜூன் வரை "கைத்தடியுடன் தானே நடப்பார்" என்று இருந்தால், ஆய்வுத் தேதிகள் எல்லாம் சரியாக இருந்தும் திட்டம் பொய்யாகிவிடுகிறது. உடல் மாறிய அன்றே அந்த ஒரு வரியாவது அடிக்கப்பட்டு, புது வரி தேதியோடும் கையொப்பத்தோடும் எழுதப்பட வேண்டும். முழு ஆய்வு பின்னால் வரட்டும்.

எந்தெந்த மாற்றங்களுக்கு உடனே திருத்தம் தேவை?

விழுதல், புதிய புண், திடீர்க் குழப்பம், உணவு விழுங்குவதில் சிரமம், எடைக் குறைவு, மருத்துவமனைக்குச் சென்று திரும்புதல், புதிய மருந்து அல்லது நிறுத்தப்பட்ட மருந்து, துணைவரையோ அறைத்தோழரையோ இழத்தல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் அடுத்த ஆய்வு வரை காத்திருக்கக் கூடாது. இவற்றில் மூன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இவைதாம் பெரும்பாலும் தாமதமாகக் கவனிக்கப்படுகின்றன.

முதலாவது எடை. ஒரு மாதத்தில் 5 விழுக்காடோ ஆறு மாதத்தில் 10 விழுக்காடோ முயற்சியின்றிக் குறைந்தால் அது கவலைக்குரியது. 60 கிலோ இருப்பவருக்கு முதலாவது 3 கிலோ, இரண்டாவது 6 கிலோ. எடை பார்க்கும் கருவி காட்டுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் உண்டு. மணிக்கட்டில் நிற்கும் வளையல் முழங்கைப் பக்கம் ஏறுகிறது. பல்செட் பேசும்போது ஆடுகிறது. புடவைக் கொசுவம் வழக்கத்தைவிட அதிகமாகச் செருகப்படுகிறது. பல்செட் தளர்ந்தால் மெல்ல முடியாது, மெல்ல முடியாவிட்டால் இன்னும் எடை குறையும். இத்தனைக்கும் அன்றாடக் குறிப்பேட்டில் "நன்றாகச் சாப்பிட்டார்" என்றே எழுதப்பட்டிருக்கும். தட்டில் எவ்வளவு மீந்தது, பாதியா காலா என்று எழுதினால்தான் அந்தக் குறிப்புக்குப் பொருள் உண்டு.

இரண்டாவது படுக்கைப்புண். தொடக்கத்தில் தோல் சிவக்கும் என்று பாடத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் நம் மக்களின் மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் அந்தச் சிவப்பைத் தேடி ஏமாந்துபோகிறார்கள். அங்கே தேட வேண்டியது சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா சாயலாகவோ தெரியும் இடம், தொட்டால் சூடு அல்லது குளிர்ச்சி, கல்போன்ற இறுக்கம் அல்லது குழைவு, அந்த இடத்தில் வலி. குதிகாலையும் பின்னிடுப்பு எலும்பையும் நல்ல வெளிச்சத்தில் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆபத்தை அளக்கும் பிரேடன் அளவுகோலில் 6 முதல் 23 வரை மதிப்பெண் உண்டு. 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து எனக் கொள்ளப்படுகிறது. நேற்று வரை நடந்தவர் இன்று காய்ச்சலில் படுத்துவிட்டால் அந்த மதிப்பெண் இன்றே மாறிவிடுகிறது. ஆகவே எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது என்பதும் இன்றே எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது விழுதல். எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியடைந்து விட்டுவிடுகிறோம். ஏன் விழுந்தார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை திட்டம் முழுமையடையாது. படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தத்தைப் பார்த்து, மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ, கீழ் அளவு 10 புள்ளியோ அதற்கு மேலோ சரிகிறது என்றால், அண்மையில் கூட்டப்பட்ட அழுத்த மாத்திரையையோ நீர் மாத்திரையையோ மருத்துவர் பார்க்க வேண்டும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், பேச்சும் நடையும் சரியாக இருந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்பிப் பார்ப்பதே முறை. தலைக்குள் ரத்தக் கசிவு மணிக்கணக்கில் பிந்தியும் வெளிப்படலாம்.

அம்மா ஒரே நாளில் குழம்பிவிட்டார். மறதிநோய் முற்றிவிட்டது என்று எழுதிவிடலாமா?

எழுதக் கூடாது. மறதிநோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நகர்வது. ஒரே நாளிலோ இரண்டு நாளிலோ வந்து, காலையில் தெளிவும் மாலையில் கலக்கமுமாக ஏறி இறங்கும் குழப்பம் டெலிரியம் எனப்படும் வேறொரு நிலை. அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் உடற்காரணம் இருக்கும்: நுரையீரல் தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிய மருந்து, வலி, ரத்தச் சர்க்கரை தாழ்தல். சத்தம் போடுகிறவர் எல்லோர் கண்ணிலும் படுவார். சோர்ந்து உறங்கிக்கொண்டே இருப்பவரை "இன்று அமைதியாக இருக்கிறார்" என்று விட்டுவிடும் தவறு மிகப் பரவலானது. இந்த ஊமை வகைதான் அதிகம் தவறவிடப்படுகிறது.

குழப்பம் என்றவுடன் சிறுநீர்த் தொற்று என்று முடிவுகட்டி ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. முதியவர்களின் சிறுநீரில் நோய் எதுவுமின்றியே கிருமிகள் இருப்பது சாதாரணம். எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி போன்ற வேறு அறிகுறி இல்லாதபோது அந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு மற்றக் காரணங்களைத் தேடாமல் விடுவது நல்லதன்று.

டெலிரியம் இருக்கும் நாட்களுக்குத் தனியாக ஒரு தற்காலிகத் திட்டம் எழுதி, அதற்கு முடிவுத் தேதியும் குறிக்க வேண்டும். கண்ணாடியும் காதுக் கருவியும் அணிவிக்கப்பட்டுள்ளனவா என்பது அதன் முதல் வரியாக இருப்பது நலம்.

வீட்டுக்குப் போக வேண்டும் என்று தினமும் அடம்பிடிக்கிறார். இதைத் திட்டத்தில் எப்படி எழுதுவது?

மறதிநோயாளியின் திட்டத்தில் அவருடைய வாழ்க்கை வரலாறு அரைப் பக்கமாவது இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். இன்று எண்பதைத் தாண்டிய டர்பன் தமிழர்களில் பலர் பிறந்தது சாட்ஸ்வொர்த்தில் அல்ல. மாநகராட்சித் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த மேகசின் பேரக்ஸிலோ கேட்டோ மேனரிலோ பிறந்து, இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் 1960-களில் அங்கிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் அவர்கள். மாலை நாலு மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும் பாட்டி தேடுவது மகன் வீட்டையன்று. இடிக்கப்பட்டுவிட்ட பேரக்ஸ் வரிசையை. "உங்கள் வீடு இதுதான்" என்று வாதாடுகிற பணியாளருக்கு இது தெரியாது. "பேரக்ஸைப் பற்றிக் கேட்கவும், பக்கத்து வீட்டார் பெயர்களைச் சொல்வார், பிறகு தேநீர் கொடுக்கவும்" என்று மூன்று வரி இருந்தால் தூக்க மாத்திரைக்குத் தேவை குறையும். நோய் வளர வளர இந்த வரிகளும் மாறும். பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சிழந்தபின் பழைய பாட்டோ தேவாரமோ கேட்டால் அமைதியடையலாம். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

தமிழ் மட்டுமே பேசத் தொடங்கிவிட்டார். பராமரிப்பவர்கள் சூலுவும் ஆங்கிலமும் பேசுகிறவர்கள். என்ன செய்வது?

பிந்திக் கற்ற மொழி மறதிநோயில் முதலில் நழுவுவதுண்டு. பேரப்பிள்ளைகளுக்கே தமிழ் வராத வீடுகளில் இது குடும்பத்தையும் திகைக்க வைக்கிறது. வலி, தண்ணீர், சிறுநீர், குளிர், பயம் ஆகியவற்றுக்கு அவர் சொல்லும் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அதையே திட்டத்திலும் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லால் சொல்ல முடியாத நிலை வரும்போது வலியை முகத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கும். நெற்றி சுருங்குதல், திருப்பும்போது கையைப் பற்றிக்கொள்ளுதல், முனகல் போன்றவற்றை மதிப்பெண்ணாக்கும் வலி அளவைகள் உள்ளன. அவற்றுக்கு மாற வேண்டிய நாள் இது என்பதைச் சிஸ்டர், அதாவது பதிவு பெற்ற செவிலியர், முடிவு செய்து எழுத வேண்டும்.

சர்க்கரை நோயாளி புரட்டாசி விரதம் இருக்க விரும்புகிறார். தடுக்க வேண்டுமா?

விரதம் அவருடைய உரிமை. அதற்கேற்பத் திட்டத்தை முன்கூட்டியே மாற்றுவது இல்லத்தின் வேலை. டர்பன் அடங்கிய நேட்டால் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் பல, செப்டம்பர் நடுவில் தொடங்கும் புரட்டாசி முழுவதும் புலால் தவிர்க்கின்றன. கோழியும் மீனும் தட்டிலிருந்து போகும்போது புரதத்துக்குப் பதில் எது என்பதை எழுதாவிட்டால், பணியாளர் சோறும் உருளைக்கிழங்குமே வைப்பார். சர்க்கரை ஏறும், புண் ஆறாது. பருப்பு, சுகர் பீன்ஸ் எனும் உலர் பீன்ஸ், தயிர், சோயா, உண்பவராயின் முட்டை என்று வேளைவாரியாகக் குறிக்க வேண்டும்.

வேளை தவிர்க்கும் விரதம் இதைவிடக் கடினமானது. இன்சுலினோ, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் உணவைத் தவிர்த்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தாகத் தாழும். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் அது தாழ்நிலை. இளையவருக்கு நடுக்கமும் வியர்வையும் வரும். முதியவருக்கோ வெறும் உறக்கமாகவோ எரிச்சலாகவோ தோன்றிக் கடந்துபோகும். மாதம் பிறப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, விரத நாளின் மருந்து அளவு, சோதனை நேரம், எந்த அளவில் விரதத்தை முடிப்பது என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். விழுங்க முடிகிறவருக்கு 15 முதல் 20 கிராம் சர்க்கரை கலந்த நீரைக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். மாதம் முடிந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும் தேதியை மறந்துவிடாதீர்கள். விரதத்துக்காகக் குறைத்த இன்சுலின் தீபாவளிப் பலகாரம் வரும் வாரத்திலும் குறைந்தே இருப்பது நடக்கக்கூடியதுதான்.

பொதுவாகவே, தளர்ந்துபோன முதியவருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை (HbA1c) இளையவருக்குச் சொல்லும் 7 விழுக்காட்டுக்குக் கொண்டுவர முயல்வது நன்மையைவிடத் தீமையே செய்யும். 8 அல்லது 8.5 வரை விடுவதை மருத்துவர்கள் ஏற்கிறார்கள். பத்தாண்டுக்கு முன் நிர்ணயித்த இலக்கு இன்னும் திட்டத்தில் இருந்தால் அதைக் கேள்வி கேளுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று எதைச் சரிபார்க்க வேண்டும்?

மருந்துப் பட்டியலை. ஆர்.கே.கான் மருத்துவமனையோ மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, எங்கிருந்து வந்தாலும் இல்லத்தின் பழைய மருந்துத் தாள், டிஸ்சார்ஜ் கடிதம், கையில் வந்த மருந்துப் பொட்டலங்கள் ஆகிய மூன்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு மருந்தாக ஒப்பிட வேண்டும். ஒரே மருந்து கம்பெனிப் பெயரில் ஒன்றும் பொதுப்பெயரில் ஒன்றுமாக இரண்டு முறை இடம்பெற்றிருக்கலாம். வார்டில் உறங்குவதற்காகக் கொடுத்த மாத்திரை நிரந்தரமாகத் தொடர்ந்துவிடலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் மெட்ஃபார்மின் குறைக்கப்பட்டிருக்கும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (eGFR) 30-க்குக் கீழே போனால் நிறுத்தப்படும். கடிதத்தில் இல்லாத மருந்து நிறுத்தப்பட்டதா, எழுத விடுபட்டதா என்பதைத் தொலைபேசியில் கேட்டு, யாரிடம் கேட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அதே நாளில் தோலை முழுவதும் பார்த்து, எடை எடுத்து, எழுந்து நிற்க வைத்து, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க வைத்துப் பார்க்க வேண்டும். இருமினாலோ குரல் ஈரமாக ஒலித்தாலோ பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் பார்க்கும்வரை உணவின் பதத்தைப் பற்றிச் சிஸ்டர் முடிவெடுக்க வேண்டும். மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்பதை மருந்தாளரிடம் கேட்பது கட்டாயம். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே வேளையில் உள்ளே போய்விடும்.

உடல்நிலை தேறினாலும் திட்டத்தை மாற்ற வேண்டுமா?

வேண்டும், இதுதான் அதிகம் மறக்கப்படுவது. மருத்துவமனையில் போட்ட சிறுநீர்க் குழாய், "தற்காலிகமாக" கட்டிய நாப்பி, விழுந்த வாரத்தில் உயர்த்திய கட்டில் தடுப்பு ஆகியவை ஏன் வந்தன என்பது எவருக்கும் நினைவில்லாமல் மாதக்கணக்கில் நிற்கும். நாப்பியிலேயே இருக்கப் பழக்கப்பட்டவர் கழிப்பறைக்குப் போகும் திறனை உண்மையிலேயே இழந்துவிடுவார். எந்தக் கட்டுப்பாட்டைச் சேர்த்தாலும் அதை எடுப்பதற்கான ஆய்வுத் தேதியையும் உடனே எழுதுவது ஒன்றே இதற்கு வழி.

திட்டத்தை மாற்றும் அதிகாரம் யாருக்கு?

பதிவு பெற்ற செவிலியருக்கு, மருந்தானால் மருத்துவருக்கு. 2005-ஆம் ஆண்டின் செவிலியர் சட்டப்படி தென்னாப்பிரிக்கச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்தவர்களே செவிலியர். கேர்கிவர் எனப்படும் பராமரிப்புப் பணியாளர் அந்தப் பட்டியலில் வருவதில்லை. ஆனால் குளிக்க வைப்பதும் ஊட்டுவதும் அவர்தான் என்பதால் மாற்றத்தை முதலில் காண்பவரும் அவரே. அவர் சொன்னதைச் செவிலியர் கேட்டு எழுதும் வழக்கம் இல்லாத இல்லத்தில் எவ்வளவு நல்ல படிவமும் பழையதாகவே இருக்கும். எதிர்த்திசையிலும் அப்படியே: பகலில் மாற்றிய வரி இரவு ஏழு மணிக்கு வரும் ஷிப்டுக்கு வாய்மொழியாகவும் எழுத்தாகவும் சொல்லப்பட வேண்டும். அலுவலகக் கணினியில் திருத்திவிட்டு, கட்டிலருகே தொங்கும் தாளில் பழைய வரியை விட்டால், இரவில் ஊட்டுகிறவர் பழைய வரியைத்தான் பின்பற்றுவார். பதமான கஞ்சி என்று மாற்றியபின் ரொட்டித் துண்டு ஊட்டப்படுவது இப்படித்தான்.

மகன் அல்லது மகள் திட்டத்தைப் பார்க்கவும் முடிவெடுக்கவும் உரிமை உண்டா?

பெரியவர் தெளிவாக இருக்கும்வரை முடிவு அவருடையது. அவர் சம்மதித்தால் நீங்கள் பார்க்கலாம், கூட்டத்தில் உட்காரலாம். உடல்நலத் தகவல் 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சிறப்புக் காப்புக்குரியது என்பதால் இல்லம் கையொப்பம் கேட்டால் அதைத் தவறாக எண்ண வேண்டாம்.

அவரால் முடிவெடுக்க இயலாதபோது, 2003-ஆம் ஆண்டின் தேசிய உடல்நலச் சட்டம் ஒரு வரிசையைச் சொல்கிறது. சிகிச்சைக்குச் சம்மதம் தரும்படி அவர் முன்பே எழுத்தில் ஒருவரை நியமித்திருந்தால் அவர். சட்டமோ நீதிமன்றமோ அதிகாரம் அளித்தவர். அப்படி எவரும் இல்லையெனில் கணவர் அல்லது மனைவி அல்லது துணைவர், பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளை, உடன்பிறந்தார் என்ற அதே வரிசையில். மூத்த மகன் என்பதற்காக முன்னுரிமை இல்லை. பொதுவான பவர் ஆஃப் அட்டர்னியை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தென்னாப்பிரிக்கச் சட்டத்தில், எழுதிக் கொடுத்தவர் மனத்திறனை இழந்ததும் அந்தப் பத்திரமும் செல்லாமல் போகிறது. ஆகவே சிகிச்சைச் சம்மதத்துக்கான நியமனத்தைத் தெளிவாக இருக்கும்போதே தனியாக எழுதி, அதன் நகலைத் திட்டத்தோடு வைப்பது நல்லது.

மின்வெட்டுக்கும் திட்டத்தில் இடம் உண்டா?

ஆக்சிஜன் கருவியோ காற்று மெத்தையோ பயன்படுத்துகிறவருக்கு உண்டு. மின்சாரம் போனால் எந்த சிலிண்டர், யார் மாற்றுவது, மெத்தை தளர்ந்தால் எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டுவது என்று இரண்டு வரி போதும்.

இறுதிக் கட்டத்தை நெருங்கிவிட்டார் என்றால்?

அப்போது திட்டம் நீள்வதைவிடச் சுருங்குவதே முறை. கொழுப்பு மாத்திரை, தினசரி எடை, விரல்நுனிச் சோதனை போன்று இனிப் பயன் தராதவை மருத்துவரின் ஒப்புதலோடு நிறுத்தப்பட்டு, வலி, மூச்சுத் திணறல், வாய் உலர்தல், பதற்றம் ஆகியவற்றுக்கான வரிகள் இடம்பெற வேண்டும். இரவில் மூச்சுத் திணறல் வந்தால் ஆம்புலன்ஸா, இங்கேயே மார்ஃபீனா என்ற கேள்விக்கு விடை முன்பே பேசி எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாவிட்டால் அனுபவமில்லாத பணியாளர் ஆம்புலன்ஸைத்தான் அழைப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. திருநீறு பூசுதல், துளசித் தீர்த்தம், யாருக்கு முதலில் தகவல், உடலைக் குளிப்பாட்டுவது யார் என்பவையும் இங்கே சேரும். தீர்த்தம் என்றாலும் விழுங்க முடியாதவருக்கு ஊற்றக் கூடாது. உதட்டை நனைத்தால் போதும்.

திட்டத்தைப் புதுப்பிக்கச் சொல்லியும் இல்லம் அசையவில்லை. யாரிடம் போவது?

முதலில் சிஸ்டரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த மாற்றம், எந்தத் தேதியில் கண்டீர்கள், எந்த வரி திருத்தப்பட வேண்டும். "அம்மாவைச் சரியாகக் கவனிப்பதில்லை" என்ற கடிதத்துக்குச் சமாதானம் பதிலாக வரும். "இம்மாதம் 4 கிலோ குறைந்துள்ளார், உணவுப் பகுதி பிப்ரவரிக்குப் பின் திருத்தப்படவில்லை" என்ற கடிதத்துக்கு நடவடிக்கை வேண்டியிருக்கும். அடுத்து இல்லத்தின் மேலாளர். முதியோர் சட்டம் இல்லவாசிகள் குழுவுக்கும் இடமளிக்கிறது. அங்கேயும் இதை எழுப்பலாம். அதன்பின் மாகாணச் சமூக மேம்பாட்டுத் துறையின் உள்ளூர் அலுவலகம். காரணம் சொல்லப்படாத காயம், பட்டினி, கட்டிவைத்தல் போன்ற கொடுமை என்று ஐயம் எழுந்தால் இந்தப் படிகள் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. துறைக்கோ காவல்துறைக்கோ உடனே தெரிவிப்பது அச்சட்டப்படி கடமையாகும்.